கரியாத திரி

கண்டனூரில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நான் தினமும் இரண்டு பாக்கெட் இட்லி மாவு கொண்டுபோக வேண்டும். வாசல் ஒன்று, முற்றம் ஒன்று, கரண்ட் பில்கூட ஒன்றுதான். அடுப்பு மட்டும் இரண்டு. புதிதாகக் கேட்கிறவர்கள், சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் போல என்று உச்சுக் கொட்டுவார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. அவர்கள் சமூகத்து வழக்கமே அப்படித்தான். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள் போனதும் பெற்றவர்களே நல்ல நாள் பார்த்து, அரிசி பருப்பு பாத்திரம் எல்லாம் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனியாக உலை வைக்கச் சொல்லிவிடுவார்கள். 'வேறு வைக்கிறது' என்று அதற்குப் பெயர். பெரியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் அப்படியே இருந்தன. இந்த அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணம் சீனி அந்த அடுப்படிக்குப் போனால், மறுநாள் அதே கிண்ணத்தில் அதே அளவு திரும்பி வந்துவிடும். இதில் குறை சொல்ல எனக்கென்ன இருக்கிறது? ஒரு வீட்டில் இரண்டு பாக்கெட் விற்கிறது.

கிழக்குப் பக்க அடுப்படி விசாலி ஆச்சியுடையது. அவர் வீட்டுக்காரர்தான் மூத்தவர், தண்டாயுதபாணி அண்ணன். மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். மேற்குப் பக்க அடுப்படி இளையவர் கார்த்திகேய சிவத்தின் மனைவி சௌபர்ணிகாவுக்கு. இளையவர் மஸ்கட்டில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். பிள்ளை இன்னும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கொண்டுபோகும் அரை கிலோ மாவு மூன்று நாளைக்குக்கூட வரும். ஆனாலும் தினமும் வாங்குவாள். மாவு கொடுக்கப் போனால் பத்து நிமிஷம் பேசலாமே என்றுதான் வாங்குகிறாளோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

அண்ணன் மதுரையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடை நொடித்துப் போய், மூடிவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வந்த மனுஷன் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டார். காலையில் பேப்பர், மத்தியானம் சாப்பாடு, பிறகு தூக்கம். "மோரு", "போதும்", "கதவச் சாத்து" – ஆச்சியிடம் அவர் பேசியது அவ்வளவுதான். ஒரு நாள் ஆச்சி மாவுப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் அழுதார்.

"திட்டுனாக்கூடப் பரவாயில்லடி நாகஜோதி. குழம்புல உப்பு இல்லைன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சாலாவது, ஆளு இருக்காகன்னு இருக்கும். வேணும்னே ஒரு நாள் உப்புப் போடாமப் பாத்தேன். அப்படியே தின்னுட்டுக் கைகழுவிட்டாக."

அப்படிப்பட்ட ஆளைப் பேச வைத்தது ஒரு பீர் டின்.

நெற்குப்பையில் ஏகப்பன் என்று அவர்களுக்கு ஒரு சொந்தக்காரப் பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு இருக்கும். கொடைக்கானல் மலைக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் நாலைந்து நாள் நடக்கவிட்டு, கூடாரத்தில் தூங்கவைத்துக் கூட்டிவருவது அவனுக்குத் தொழில். இதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள் என்பதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. போன வைகாசியில் ஒரு விசேஷத்துக்கு வந்தவன், மலையில் கேஸ் டப்பா சுமக்கிற கஷ்டத்தைச் சொல்லிவிட்டு, செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். காலி டின்னை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் ஒரு சின்ன அடுப்பு. உள்ளங்கையில் அடங்கும். ஒரு சட்டி தண்ணீர் கொதிக்கும்.

பாத்திரத்திலேயே வாழ்ந்த மனுஷன் அல்லவா? அண்ணன் மறுநாளே கொத்தமங்கலத்துக்குப் போனார். அங்கே பழைய வீடொன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அதில் தங்கும் வெள்ளைக்காரர்கள் குடித்துப் போட்ட பீர் டின்னை ஒரு சாக்கு நிறையக் கட்டித் தன் மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கடை போன கவலையில் குடிக்க ஆரம்பித்துவிட்டார், அதுவும் சாக்குக் கணக்கில் குடிக்கிறார் என்று பேசினார்கள்.

இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்த இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார். பிளேடால் டின்னைச் சுற்றி ஒரு கோடு கீறுவார், கட்டை விரலால் மெதுவாக அமுக்கிக்கொண்டே வருவார், 'டக்'கென்று அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். உப்புத்தாள் போட்டு ஓரத்தை மழுக்குவார். விரலெல்லாம் கீறல். ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் செய்த அடுப்புகளை ஏகப்பன் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாமா, அடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா கால் தட்டுச்சுன்னா ஸ்பிரிட்டு கவுந்து தீயோட ஓடுது. சருகு கிடக்கிற இடம். உள்ள சந்துல ஏதாச்சும் திரி வச்சு, அது ஸ்பிரிட்ட உறிஞ்சிப் புடிச்சுக்கிறணும். காத்து அடிச்சாலும் அணையக் கூடாது. அந்தத் திரியும் எரிஞ்சு போகக் கூடாது. அப்படி ஒண்ணு கண்டுபிடிச்சீகன்னா சீசன் பூரா உங்ககிட்டத்தான் வாங்குவேன். எனக்குத் தெரிஞ்ச மத்த குரூப்புக்கும் சொல்லுவேன்."

அவ்வளவுதான். அன்றையிலிருந்து அந்த வீட்டில் திரி, திரி, திரி. அண்ணன் பூஜைக் கடைப் பஞ்சை வைத்துப் பார்த்தார். தாமரைத்தண்டுத் திரியை வைத்துப் பார்த்தார். சணலைப் பிரித்து வைத்துப் பார்த்தார். வீடு முழுக்கக் கரிந்த நாற்றம்.

"எண்ணெ விளக்கு வேற, இது வேற" என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்பிரிட்டு இருக்கிற வரைக்கும் பஞ்சு நல்லாத்தான் நிக்கிது. தீந்த மறுநிமிசம் பஞ்சையே தின்னுருது. நூலும் ஆகாது, பஞ்சும் ஆகாது. எல்லாம் கரிஞ்சுரும்மா."

இதை அவர் சொன்னது ஆச்சியிடம் இல்லை, சௌபர்ணிகாவிடம்.

அவள் காரைக்குடிப் பெண், கெமிஸ்ட்ரி படித்தவள். படித்த படிப்பை இந்த வீட்டில் எதில் கொண்டுபோய்ப் போடுவது? தோசைக்கல்லிலா போடுவாள்? மேசைப் பக்கம் சும்மா வந்து நின்றவள், "அத்தான், கண்ணாடி நாரு எரியாது. மோட்டார் காயில் கட்டுறவங்ககிட்ட இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். சொன்னதுதான் தாமதம், அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்து பேசினார்கள். அண்ணன் சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. நான் மாவுக் கூடையோடு நின்றுவிட்டேன். ஆச்சி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் காசுகூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். காயில் கடையிலிருந்து வாங்கிய கண்ணாடி நார்க் குழாய் விறைப்பாக இருந்தது, சந்துக்குள் வளையவில்லை. புல்லட் மெக்கானிக்கிடம் சைலன்சருக்குள் அடைக்கிற பஞ்சு இருக்கிறது என்று சௌபர்ணிகா விசாரித்து வந்தாள். அதை வாங்கக் காரைக்குடிக்கு அவள் ஸ்கூட்டியில் போனாள், அண்ணன் தன் மொபெட்டில் போனார். போகும்போது ஒழுங்காகத்தான் போனார்கள். திரும்பும்போது அண்ணனின் வண்டி புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் படுத்துவிட்டது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டியின் ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். சாயங்காலம், தெருவில் அத்தனை பேரும் வாசலில் நிற்கிற நேரம்.

மறுநாள் நான் போனபோது ஆச்சி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைத்திருந்தது, மண்டிக் குழம்பு வைக்க. நறுக்கிய வேகத்தைப் பார்த்தால் விரல் போய்விடும் போலிருந்தது.

"பாத்தியா நாகஜோதி?"

"என்னத்த ஆச்சி?"

"தெரியாத மாதிரி கேக்காத. தெருவே பாத்துச்சு. தம்பி பொண்டாட்டி வண்டியில பின்னால உக்காந்து வாராக, மூட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு."

"வண்டி நின்னுபோச்சாம் ஆச்சி."

"வண்டி நின்னா ஊருல ஆட்டோவே இல்லையா? பஸ்ஸு ஓடலையா?"

"அது கண்ணாடிப் பஞ்சாம் ஆச்சி. மேல பட்டா அரிச்சு எடுத்துருமாம். பஸ்ஸுல எப்படி ஏத்துவான்?"

"எனக்கு இங்க உக்காந்தபடியே அரிக்குது" என்றார் ஆச்சி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சி சிரிக்கவில்லை. அரிவாள்மனையை மடக்கி வைத்தார்.

"நான் அவளச் சந்தேகப்பட்டுச் சொல்றேன்னு நெனைக்காத. சேச்சே. அவ நல்ல பிள்ள. அதுதான்டி எனக்கு எரிச்சல். கெட்டவளா இருந்தா கொண்டைய அவுத்துவிட்டு நாலு வாங்கு வாங்கிட்டு நிம்மதியாப் படுத்திருப்பேன். இவள என்னன்னு கேக்குறது? 'என் புருசன்கிட்ட ஏன் திரியப் பத்திப் பேசுற'ன்னா கேக்குறது? கேக்குறவ சிரிக்க மாட்டா?"

"பேசிட்டுப் போறாக ஆச்சி. இம்புட்டு நாளாப் பேசாம இருந்தவுக."

"யாருகிட்டப் பேசுறாக? இந்த மனுசன் சிரிச்சா மேல்பல்லுல ஒண்ணு லேசா ஏறி நிக்கும். கல்யாணமான புதுசுல அதப் பாத்துத்தான் நான் மயங்குனது. அந்தப் பல்லையே மறந்துபோயிருந்தேன். நேத்துத் தெரிஞ்சிச்சு. எனக்கில்ல. அவளுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வயித்தெரிச்சலா இருக்குடி. வாய்விட்டுச் சொல்றேன், பொறாமையாத்தான் இருக்கு. இந்த வயசுல இது வேணுமான்னு என்னையே கேட்டுக்கிறேன். ஆனா இருக்கே, என்ன செய்ய?"

மண்டி கொதிக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சைலன்சர்ப் பஞ்சு உண்மையிலேயே பொல்லாதது. இரண்டு நாள் அதைப் பிய்த்துப் பிய்த்து அடைத்ததில் சௌபர்ணிகாவின் முழங்கைவரை சிவந்து தடித்துவிட்டது. அவள் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அண்ணன் எழுந்துபோனார். கிழக்கு அடுப்படிக்குள் நுழைந்து, தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். "தடவும்மா, காந்தல் அடங்கும்" என்றார். செய்தது அவ்வளவுதான். வேறு யார் வீட்டிலும் இது ஒரு விஷயமே இல்லை.

ஆனால் அது ஆச்சியின் அடுப்படி எண்ணெய். ஆச்சி என்னை வழிமறித்துச் சொன்னார்.

"என் அடுப்படியில சீனி டப்பா எதுன்னு தெரியாது அவுகளுக்கு. நான் காய்ச்சலாப் படுத்துக் கிடந்தப்ப ஒரு காபி போடத் தெரியாம, கடையில வாங்கிக் குடிச்சாக. அவளுக்கு அரிச்சதும் எண்ணெ எந்தத் தட்டுல இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு பாத்தியா?"

"ஆச்சி, நீங்களும் போயி அந்த மேசையில உக்காருங்களேன். நீங்களும் ஒரு கை புடிங்க. யாரு வேணாங்கிறது?"

நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆச்சி அன்று சாயங்காலம் தலையை வாரி முடித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மேசைப் பக்கம் போயிருக்கிறார். கையில் ஒரு தட்டுப் பணியாரம்.

"நானும் ஏதாச்சும் செய்யட்டுமா? அடைக்கிறதுதானே?"

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ போ விசாலி. இது உனக்குப் புரியாது. பணியாரத்த அங்குட்டு வை, எண்ணெ பட்டுறப் போகுது."

சௌபர்ணிகாதான் பாவம், "அக்கா, உக்காருங்கக்கா" என்று நாற்காலியை நகர்த்தினாள். அது ஆச்சிக்கு அதைவிட மோசமாகப் போயிற்று. என் வீட்டில் எனக்கு இவள் நாற்காலி போடுகிறாளா என்று தோன்றாதா? தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி பிறந்தது. மழைக்கு முன்னால் வரும் புழுக்கம் ஊரைப் போட்டு வேகவைத்தது. ஏகப்பன் போன் செய்தான்: ஒரு குரூப்போடு மலைக்குப் போகிறானாம், சாயங்காலம் வந்து இரண்டு அடுப்பை வாங்கிக்கொள்வானாம், மழையிலும் காற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வானாம். அண்ணனும் சௌபர்ணிகாவும் இரண்டு அடுப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்து, கண்ணாடிப் பஞ்சை அமுக்கி அடைத்து, மேசைமேல் துணி போட்டு மூடி வைத்தார்கள்.

அன்று மத்தியானம் நான், காலையில் மறந்து வைத்த மாவுக் கூடையை எடுக்கப் போனேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சௌபர்ணிகா காரைக்குடியில் பேங்க்குக்குப் போயிருந்தாள். மேசைக்கு முன்னால் ஆச்சி உட்கார்ந்திருந்தார்.

ஒரு அடுப்பைத் திறந்து, புருவம் எடுக்கிற கிடுக்கியால் கண்ணாடிப் பஞ்சை வெளியே இழுத்துப் பேப்பரில் போட்டிருந்தார். மடியில் வெள்ளையாகப் பட்டை நூல் திரி ஒரு கட்டு. அதை அளவாக நறுக்கி, சந்துக்குள் ஒவ்வொன்றாக நிறுத்திச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி! என்ன பண்றீக?"

"சத்தம் போடாத."

"இது மண்ணெண்ணெ ஸ்டவ் திரியில்ல?"

"ஆமா."

மாடியில் ஆச்சிக்கு ஒரு சாமான் அறை உண்டு. அவர் ஆத்தா கொடுத்தனுப்பிய சீரெல்லாம் அதில்தான். ஒன்று வேண்டிய இடத்தில் பத்து வைத்து அனுப்புகிற வீடு அது. வேறு வைத்தபோது மூன்று மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஆயுசுக்கும் காணும் அளவுக்குத் திரியும் வந்திருந்ததாம். கேஸ் வந்ததும் எல்லாம் பிரிக்காத பெட்டியிலேயே தங்கிவிட்டன. சாவி ஆச்சியின் இடுப்பில். அண்ணன் அந்த அறைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பெண்டாட்டி கொண்டுவந்த சாமானில் கண் வைத்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம், அப்படியொரு வீறாப்பு. கடை மூழ்குகிறபோதுகூட அந்த மாடிப்படிப் பக்கம் திரும்பவில்லை.

"இது நூலுல்ல ஆச்சி? நூலு கரிஞ்சுரும்னு அண்ணன் அம்புட்டுத் தடவ சொன்னாகளே?"

"அதுக்குத்தான் வைக்கிறேன்." ஆச்சி ஒரு திரியைச் செருகி விரலால் அழுத்தினார். "மலையில போய்க் கரியட்டும். புகைஞ்சு நாறட்டும். ஏகப்பன் கொண்டுவந்து ரெண்டு பேரு மூஞ்சியிலயும் எறியட்டும்."

"ஆச்சி, இது போச்சுன்னா அண்ணன் பழையபடி ஆயிருவாக. திரும்ப வாயையே திறக்க மாட்டாக."

ஆச்சி ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அடுத்த திரியை எடுத்தார்.

"திறக்க வேணாம். எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. சரியாப் போச்சு."

இரண்டாவது அடுப்பைக் கையில் எடுத்தபோது தெருவில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. எடுத்த அடுப்பை அப்படியே வைத்துத் துணியைப் போர்த்தினார். பஞ்சுப் பொட்டலத்தை என் மாவுக் கூடைக்குள் திணித்து, "குப்பையில போட்டுரு. வாயத் திறந்த, உங்கிட்ட மாவு வாங்க மாட்டேன்" என்றார். மாவுக்காக நான் பேசாமல் இருக்கவில்லை. இந்தச் சங்கதியை யாரிடம் போய் என்னவென்று சொல்வது? என் விரல் மூன்று நாள் அரித்ததுதான் மிச்சம்.

ஏகப்பன் வந்து வாங்கிக்கொண்டு போனான். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு, ஒரு வாரத்துக்கு மேல். அந்த வீட்டு முற்றத்தில் நாலு பக்கத்துத் தாழ்வாரத் தண்ணீரும் கொட்டியது. ஆச்சி மட்டும் குளிர்ந்துபோய் இருந்தார். பாட்டுப் பாடிக்கொண்டு வெள்ளைப் பணியாரம் சுட்டார், எனக்கும் நாலு கொடுத்தார். நான் அதை வழியிலேயே ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

ஏகப்பன் திரும்பி வந்த அன்றும் மழைதான். நான் மாவு கொடுத்துவிட்டு, மழை விடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். மழைக்கோட்டைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, பையிலிருந்து இரண்டு அடுப்பையும் எடுத்து மேசைமேல் வைத்தான். அண்ணன் எழுந்துவிட்டார். சௌபர்ணிகா மேற்கு அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். ஆச்சி கிழக்கு நிலைப்படியிலேயே நின்றார்.

ஏகப்பன் ஒன்றைத் தள்ளி வைத்தான். "மாமா, இது சரியில்ல. ரொம்ப இறுக்கி அடைச்சிருக்கீக போல. ஸ்பிரிட்டு மேல ஏறவே மாட்டேங்குது. காத்துல ரெண்டு தடவ அணைஞ்சுபோச்சு."

ஆச்சி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இது இருக்கு பாருங்க" என்று மற்றதைக் கையில் எடுத்தான். "மாமா! கொட்டுற மழை. எங்க பெரிய அடுப்பே மக்கர் பண்ணுது. இது ஒரே குச்சியில பிடிச்சிருச்சு. அத்தன பேருக்கும் இதுலதான் காபி. ஒருத்தன் எட்டி உதைச்சே விட்டான், ஒரு சொட்டு ஓடல. கடைசி நாள் வரைக்கும் அதே திரிதான். நுனி மட்டும் லேசாக் கறுத்திருக்கு, நறுக்கிவிட்டாப் போதும். இதே மாதிரி செஞ்சு குடுங்க. எம்புட்டு செஞ்சாலும் எடுத்துக்கிறேன்."

அண்ணன் அடுப்பை வாங்கிச் சந்துக்குள் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலை விட்டு ஒன்றை உருவி எடுத்தார்.

"இது பஞ்சில்லையே. ஸ்டவ் திரி! நெருக்கிப் பின்னுன நூலு. நிறுத்தி வச்சிருக்கு... அதான் அடியில தங்குன மிச்ச ஸ்பிரிட்டுல எப்பவும் நனைஞ்சே நிக்கிது. நுனியில மட்டும் எரியுது." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "நான் பஞ்சைப் போட்டு அமுக்கிக்கிட்டே இருந்தேன். நிறுத்தி வைக்கணும்னு தோணலையே!"

சட்டென்று சௌபர்ணிகா பக்கம் திரும்பினார். அந்த ஏறின பல் தெரிந்தது.

"எங்கிட்டக்கூடச் சொல்லாம வச்சிருக்கியேம்மா! உன் மூளைய என்னன்னு சொல்றது! இந்த வீட்டுல இதப் புரிஞ்சுக்க நீ ஒருத்தியாவது இருக்கியே!"

சௌபர்ணிகா திகைத்துப் போனாள். "அத்தான், நான்..." என்றாள். அதற்குமேல் பேசவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. அதை வேண்டாமென்று தள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தை ஆச்சி விட்டுவைக்கவில்லை.

"அவ வைக்கல. நான் வச்சேன்."

எல்லோரும் திரும்பினோம். ஆச்சி நிலைப்படியை விட்டு மேசைக்கு வந்துவிட்டார்.

"நீயா?" என்றார் அண்ணன்.

"நான்தான். நீங்க தூங்குனீக, இவ பேங்குக்குப் போயிருந்தா. உங்க கண்ணாடிப் பஞ்சப் புடுங்கிப் போட்டுட்டு இத வச்சேன். நாகஜோதி பாத்தா, கேட்டுக்கங்க."

நான் மாவுக் கூடையைப் பார்த்துக்கொண்டேன்.

"இது நல்லா எரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எரியும்னு எவ வச்சா? கெட்டுப் போகணும்னு வச்சேன்! நூலு கரிஞ்சுரும் கரிஞ்சுரும்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீக? கரிஞ்சு, நீங்க ரெண்டு பேரும் இந்த மேசையில தலையில கைய வச்சுக்கிட்டு உக்காரணும், அத நான் பாக்கணும்னு வச்சேன். அது எனக்குன்னு வந்து நல்லா எரிஞ்சு தொலைச்சிருக்கு. பேரு இவளுக்குப் போகுது!"

ஏகப்பன் தூணில் தொங்கிய மழைக்கோட்டையே பார்த்தான். பாவம், அடுப்பு வாங்க வந்தவன்.

"அக்கா, நான் வைக்கலைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள் சௌபர்ணிகா.

"எடுத்த வாய் ஏன் நின்னுச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் விசாலி?" என்றார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் கொடுமை.

"ஏனா? கடைய மூடிட்டு வந்த நாள்ல இருந்து எங்கிட்ட மோரு கேட்டீக, கதவச் சாத்தச் சொன்னீக. வேற என்ன பேசுனீக? சரி, மனசு ஒடைஞ்சு கிடக்காக, போகட்டும்னு இருந்தேன். இவ வந்து நின்னதும் வாய் திறந்திருச்சு. பேச்சு வருது, சிரிப்பு வருது, எண்ணெப் பாட்டிலு எங்க இருக்குன்னுகூடத் தெரியுது. ஊரெல்லாம் போயித் திரி கேட்டீக. மெக்கானிக்குகிட்டக் கேட்டீக, காயில் கட்டுறவன்கிட்டக் கேட்டீக. 'உங்கிட்ட ஏதாச்சும் இருக்கா விசாலி'ன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. கேட்டிருந்தீகன்னா மேல பெட்டி நிறையக் கிடக்குன்னு சொல்லியிருப்பேன். உனக்குப் புரியாதுன்னுல்ல சொன்னீக."

அண்ணன் அந்தத் திரியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். ஏதாவது நல்லதாகச் சொல்லுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"மேல இன்னும் இருக்கா?" என்றார்.

அட, இந்த மனுஷனை என்னவென்று சொல்வது! பெண்டாட்டி குடலை உருவிப் போட்ட மாதிரி அத்தனையும் கொட்டியிருக்கிறாள், இவர் திரிக் கணக்குக் கேட்கிறார். ஆச்சி இனி கையில் கிடைத்ததை எடுத்து எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் கண் கலங்கியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். மாமியார் வீட்டுச் சாமானைப் பற்றி அவர் வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்கு" என்றார் ஆச்சி. "வேணும்னா நீங்க மேல வரணும். உங்க கையால எடுக்கணும்."

அண்ணன் எழுந்தார்.

"நானும் பெட்டியத் தூக்க வரட்டுமாக்கா?" என்றாள் சௌபர்ணிகா.

"நீ வராத."

ஆச்சி முன்னால் ஏறினார், அண்ணன் பின்னால் ஏறினார். பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணனின் குரல் கேட்க ஆரம்பித்தது. என்ன சொல்கிறார் என்று மழையில் பிடிபடவில்லை. ஆனால் நிற்கவே இல்லை, சொல்லிக்கொண்டே போனார். நடுநடுவே ஆச்சி ஏதோ கேட்டார். ஏகப்பன், மழை விட்ட மாதிரி இருக்கு என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

நானும் கூடையை எடுத்தேன். சௌபர்ணிகா மேசையருகிலேயே நின்றாள். தள்ளிவைத்த அடுப்பிலிருந்து கண்ணாடிப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள், கை தடிக்குமே என்ற நினைப்புக்கூட இல்லாமல். கண் மட்டும் மாடிப்படியில் இருந்தது.

"நாகஜோதியக்கா," என்றாள், "அப்படி என்ன பேசுவாக, இம்புட்டு நேரம்?"

"எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.